போர்வை போர்த்திய டிவி

என் பரீட்சைக்காக அம்மா டிவியைப் போர்வையால் மூடி மூன்று மாதமாகிறது. எதைக் கேட்டாலும், "பரீட்சை முடியட்டும்டி" என்பாள்.

இன்று கொடியில் துணி போடக் கையைத் தூக்கியவள் முகம் சுளித்தாள். விடாமல் நச்சரித்தேன். அக்குளில் கட்டி. தொட்டுப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, குளியலறையில் ஒளிந்துகொண்டு, கல்யாணமாகிப்போன அக்காவுக்குப் போன் செய்தேன்.

"என்னடி, டிவிக்கு இன்னும் குளிருதா?" என்று சிரித்தாள்.

"அக்கா, அம்மாவுக்குக் கட்டி இருக்கு. டாக்டர்கிட்ட போறதையும் தள்ளிப்போட்டிருக்கா. பயமா இருக்குக்கா."

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அடுத்த மாசந்தானடி? உன் பரீட்சை முடியட்டும்."

அக்காவுமா! போனை வைத்துவிட்டு ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவை எழுப்பினேன்.

"இத நீயே வெச்சுக்கோ. டாக்டரப் பாத்துட்டு வந்து குடு. இல்லேன்னா நான் எழுதப் போகமாட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு?" என்று எழுந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"ரொம்ப வலிக்குதுடி."