புவாத்தான் காப்பார்

1977-ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடு ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பொம்மைகள் மலேசியக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை எடுக்கக் கிளம்பிப் போயின. அதே வீட்டு வீரம்மா அந்த நீல அட்டைக்காக அப்போது பதினோராவது வருஷமாக அலைந்துகொண்டிருந்தாள். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் 1936-இல் பிறந்தவள். அவள் பிறந்ததைப் பதியத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு நேரம் வாய்க்கவில்லை. அதே வாரம் துரையின் பசு போட்ட கன்றை மட்டும் தேதி, நிறம், சுழி உட்பட எழுதி வைத்திருந்தார். ஆக, கன்று இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி உண்டு, வீரம்மாவுக்கு இல்லை. அவளிடம் இருந்தது சிவப்பு அட்டை. இருந்துவிட்டுப் போ, ஆனால் எங்கள் ஆள் இல்லை என்று அதற்குப் பொருள்.

அவள் புருஷன் கார்த்திகேசு யாழ்ப்பாணத்து வம்சம், சிரம்பான் ஆஸ்பத்திரியில் பத்திரத்தோடு பிறந்த புண்ணியவான், ரயில்வேயில் வரைபடம் போடுகிறவர். ஓய்வு நேரத்தில் பொம்மைகளை வைத்துச் சினிமா எடுப்பார். பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மேலும் இம்மி நகர்த்தி இன்னொரு படம். சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். ஒற்றைப் பொம்மை நடப்பதெல்லாம் ஒரு நடையா என்பது அவர் கட்சி. கூட்டம் வேண்டும். சவர்க்காரத் தூள் பாக்கெட்டோடு வந்த இலவசப் பொம்மைகளை வீரம்மாதான் ஊரார் துணியெல்லாம் துவைத்துச் சேர்த்துக் கொடுத்தாள். அவர் கேமராவுக்குப் பின்னால் கலைஞராக உட்கார்ந்திருப்பார். முந்நூற்றுப் பன்னிரண்டையும் ஈர்க்குச்சியால் அரிசிமணி அளவு தள்ளி வைப்பது அவள் வேலை. ஒரு நொடிப் படத்துக்குப் பன்னிரண்டு தடவை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் நிமிர்ந்தால், நிழல் விழுகிறது என்பார்.

தேர் ஊர்வலம், ரயில் நிலையம் என்று எடுத்து அலுத்தபின் வரிசையில் நிற்கும் கூட்டம் ஒன்றை எடுக்க ஆசைப்பட்டார். மனுஷன் வாழ்நாளில் வரிசையில் நின்றதில்லை. வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரம் மாறுவதும், விண்ணப்பத்தாளே விசிறியாவதும், முன்னால் ஒருவன் நுழைந்தால் பின்னால் அத்தனை தோளும் ஏறி இறங்குவதும் வீரம்மாதான் பொம்மைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். நன்றாகவே கற்றுக்கொடுத்துவிட்டாள் போலும். கேமரா நின்ற பிறகும் அவை பழக்கத்தை விடவில்லை. அரிசிமணி அரிசிமணியாக வாசலைத் தாண்டி, சாலையோரமாக நகரத்தை நோக்கி வரிசை குலையாமல் நடந்தன. இரண்டரைக் கிலோமீட்டருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. பஸ்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். புல் வெட்டுகிறவர்கள் அவற்றைச் சுற்றி வெட்டினார்கள்.

1980-இல் அவை போய்ச் சேர்ந்த அடையாள அட்டை அலுவலகத்தின் கவுன்டரில் இருந்தவர் இராமலிங்கம். பொம்மைகளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடிப்பாதத்திலும் ‘புவாத்தான் மலேசியா 1966’ என்று அச்சு இருந்தது; மலேசியாவில் செய்தது என்று அர்த்தம். பிறந்த இடம் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, அட்டை எடுக்கும் பன்னிரண்டு வயதும் தாண்டியாயிற்று. அப்புறம் என்ன கேள்வி? ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நீல அட்டைகள். அவற்றை அழைத்துப்போக வந்த வீரம்மா, தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அதைப் போட்டதும் 1966-தான்.

“நான் என்னாக்கா செய்யிறது? அதுங்களுக்குப் பொறப்பு அத்தாட்சி கால்லயே இருக்கு. ஒங்களுக்கு எங்க இருக்கு, சொல்லுங்க லா,” என்றார் இராமலிங்கம், உண்மையான அனுதாபத்தோடு.

வீரம்மாவின் மகள் குணபூசணி சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டு, 1983-இல் பேத்தி சிவமலர் பிறந்தாள். நீல அட்டை இல்லாமல் எல்லை தாண்டக் கடப்பிதழ் இல்லை, கடப்பிதழ் இல்லாமல் பேத்தி இல்லை. பொம்மைகளில் மேளம் வைத்திருந்தது மட்டும் சட்டப்படி கடப்பிதழ் எடுத்து, ரயிலேறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தது. பிள்ளை யார் சாயல் என்று வீரம்மா அதனிடம் கேட்டாள். பிளாஸ்டிக் என்ன சொல்லும்? அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். எல்லாப் பொம்மைகளையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடியை அழுத்தி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்தாள்.

கார்த்திகேசுவுக்கு உறைத்ததோ, கூட்டம் இல்லாமல் கை அரித்ததோ, தெரியாது. 1986-இல் ஒரு நாள் கேமராவை மாட்டிவிட்டு, “இஞ்சாரும், அந்த வரிசையில கடைசி ஆள் இல்லாமல் படம் முடியேல்ல. கொஞ்சம் வந்து நில்லும்,” என்றார். பொம்மைகளுக்குச் செய்ததைத் தனக்கே செய்தாள். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று, அரிசிமணி அளவு நகர்ந்து, மறுபடி நின்றாள். மூன்று மாதம் சாயங்காலந்தோறும் இது நடந்தது. நான்காம் மாதம் இடது குதிகால் அரித்தது. சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசினாள். மஞ்சளைக் கழுவினால் எழுத்து இருந்தது.

1987 மார்ச்சில் அலுவலகத்துக்குப் போனாள். இராமலிங்கத்துக்கு அதற்குள் கண்ணாடி வந்துவிட்டது. அத்தாட்சி இருக்கிறது, காலில் என்றாள். அவர் கவுன்டர் மேல் எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். குனிந்தார், எழுத்து பொடி. கடைசியில் இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி, அவள் குதிகாலை இரண்டு கையாலும் ஏந்தித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, ‘புவாத்தான் காப்பார் 1936’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். மலேசியா என்றில்லாமல் காப்பார் என்றிருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தார். 1936-இல் மலேசியாவே இல்லை என்பது அவருக்கு மறந்திருந்தது, காலுக்கு நினைவிருந்தது. விண்ணப்பத்தைக் கீழேயே வைத்து எழுதத் தொடங்கினார். இருபத்தோரு வருஷம் யார் காலில் விழலாம் என்று தேடி வந்தவளை வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

“முட்டி வலிக்கிதுக்கா,” என்றார் இராமலிங்கம்.

“மெதுவா எழுதுங்க தம்பி,” என்றாள் வீரம்மா. “எனக்கு நின்னு பழக்கம்.”

ஏப்ரலில் அட்டை வந்தது. மே மாதம் சிங்கப்பூர் ரயிலில் ஏறினாள். பேத்தி அவள் சாயல்தான். அதன்பின் அந்த வரிசையில் சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள். இராமலிங்கம் மண்டியிடுவதற்கு அலுவலகம் ஒரு சிறிய பாய் கொடுத்தது.