பதினோராம் கல்லுக்குத் தெற்கே

மகள் ஸுஹைனாவின் நிக்காஹ்வுக்கு இருபத்தாறு நாள் இருந்தது. அதற்குள் வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட வேண்டும். ஏறாவூர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் குடிவருவார். உறுதிப் பத்திரம் எழுதாமல் கல்யாணம் நடக்காது என்பது நிஸ்மியாவுக்குத் தெரியும்.

வரைபடம் போட வந்த நில அளவையாளர் அழகரத்தினம் 1931ஆம் ஆண்டின் பழைய உறுதியை வாசித்தார். "தெற்கு எல்லை, பதினோராம் மைல்கல்லில் இருந்து தெற்கே நாற்பது முழம்." வீதிக்குப் போய்க் கல்லிலிருந்து அளந்துகொண்டு வந்தார். நாற்பதாவது முழம் நிஸ்மியாவின் புதுச் சமையலறைக்குள் விழுந்தது.

"குசினியில பாதி பக்கத்துக் காணிக்குள்ள நிக்குது அம்மா."

"என்ன ஐயா சொல்றீங்க? வேலி அங்கால இரிக்கி!"

"வேலி உறுதியில இல்ல. கல்தான் இருக்கு."

"அந்தக் கல்லை போன வருஷம் றோட்டு அகலிக்கக்குள்ள தூக்கி அங்க வெச்சவங்க. முந்தி இஞ்சால, எங்கட வாசல் கேற்றுக்குக் கிட்ட நிண்ட."

அழகரத்தினம் பஸ் தரிப்பிடத்துப் பக்கம் கையைக் காட்டினார். சீமெந்து மேடையில், வெள்ளை பூசப்பட்டு, ஆங்கிலேயர் காலத்துக் கல் நின்றது. அருகே மூன்று மொழிகளில் நீலப் பலகை: '1868 முதல் இவ்விடத்திலேயே நிற்கும் மைல்கல். வாவிக்கரை மரபுக் கழகம்.'

"எழுத்தில இருக்கிறத விட்டுப்போட்டு உங்கட வாய்ச்சொல்லுக்கு நான் கோடு கீற ஏலாது."

பக்கத்துக் காணிக்காரர் அப்துல் கபூர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "போர்ட்ல எழுதியிரிக்கே புள்ள, நான் என்ன செய்யிற?"

மறுநாள் நிஸ்மியா மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாள். கழகத்துக்காகப் பலகையின் வாசகத்தை எழுதியவர் யூஸ்டஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், பறங்கியர் வம்சத்தவர். அவள் சொன்னதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்லை நகர்த்தினதா? எனக்கு ஒருத்தனும் சொல்லேல்லயே தங்கச்சி. போட்டோ ஒண்டு அனுப்பினாங்க, அதப் பாத்துத்தான் எழுதினன்."

"அப்ப பிழை எண்டு ஒரு கடிதம் தாங்க சேர்."

"தாறன். ஆனா திரும்பவும் பாக்காம எழுத மாட்டன்."

பார்க்க வந்ததுதான் வினையாயிற்று. வடக்கே பன்னிரண்டாம் கல் யாரும் தொடாமல் ஒரு மதகோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது யூஸ்டஸுக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து சரியாக ஒரு மைல் தெற்கே அளக்கச் சொன்னார். அழகரத்தினத்தின் கருவி பஸ் தரிப்பிடத்தில் நிற்கவில்லை. நிஸ்மியாவின் கேற்றிலும் நிற்கவில்லை. இன்னும் இருபது முழம் தெற்கே தள்ளிப் போய் நின்றது.

அங்கிருந்து நாற்பது முழம் எண்ணியபோது அப்துல் கபூரின் கிணறு நிஸ்மியாவின் காணிக்குள் வந்துவிட்டது.

"அல்லாஹ்! நேத்து இவட குசினி எனக்கு. இண்டைக்கு என்ட கிணறு இவக்கா?"

"உறுதியில எழுதியிரிக்கே கபூர் காக்கா, நான் என்ன செய்யிற?" என்றாள் நிஸ்மியா.

அப்துல் கபூர் சிரிக்கவில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கல் புரண்டு போனதாகவும், வெள்ளம் வடிந்தபின் ஆட்கள் தூக்கி நட்டதாகவும் தன் வாப்பா சொன்னது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எந்தப் பக்கம் புரண்டது என்று யூஸ்டஸ் கேட்டார்.

"அத வாப்பா சொல்லல்ல."

"அப்ப முதல்ல அளந்து நட்டவன் சரியாத்தான் அளந்தான் எண்டும் சொல்ல ஏலாது," என்றார் யூஸ்டஸ், பாதி தனக்குத்தானே. நான்கு பேரும் வெயிலில் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் எங்கே நின்றது என்று இப்போது நிஸ்மியாவுக்கே நிச்சயமில்லை. கேற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கிணற்றைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்துல் கபூர்தான் முதலில் பேசினார். "ஐயா, கல்லை விடுங்க. வேலிய எல்லையாப் போடுங்க. நான் கையெழுத்து வைக்கிறன்."

"ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டா கீறலாம். நீங்க என்ன சொல்றீங்க அம்மா?"

நிஸ்மியா குசினியைப் பார்த்தாள், பிறகு கிணற்றை. "வேலியாவே இரிக்கட்டும்," என்றாள்.

வாகனத்தின் முன்பக்கத்தில் தாளை விரித்து இருவரும் கையெழுத்திட்டார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: "அப்ப என்ட காணி கூடினதா, குறைஞ்சதா ஐயா?"

"எந்தக் கல்லில இருந்து பாத்துக் கேக்கிறீங்க?"

அவள் யோசித்தாள். "எனக்கு விளங்கல்ல," என்று சொல்லிவிட்டு, உறுதி எழுத அவளுடைய அடையாள அட்டையைக் கொண்டு வரும்படி ஸுஹைனாவை உரக்கக் கூப்பிட்டாள்.