மங்குஸ்தான் மண்ணில் காரம்

லோகநாயகிக்குக் கைராசி கிடையாது என்று யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இலஞ்சியில் அவள் வீட்டு வாசலில் நிற்கிற மங்குஸ்தான் மரமே அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. நட்டு ஒன்பது வருஷமாகியும் அவள் தோளைத் தாண்டவில்லை. விடுகிற தளிரெல்லாம் நரம்பு மட்டும் பச்சையும் மிச்சமெல்லாம் மஞ்சளுமாக, காமாலை கண்ட பிள்ளை மாதிரி இருந்தது.

அதோடு போனால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அந்தக் கன்றை வாங்கின அன்றைக்குக் குற்றாலத்து மலர்க் கண்காட்சிக்கு அவளோடு ஒரே ஆட்டோவில் போய், ஒரே கூடையிலிருந்து இன்னொரு கன்றை எடுத்து வந்தவள் பக்கத்து வீட்டு ஜன்னத். நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கத்து மரம் மாடி ஜன்னலைத் தொட்டுவிட்டது. இந்தச் சாரல் பருவத்துக்கு நாலு காய் வேறு. "ஜன்னத்துக்கு நல்ல கைராசி" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கேட்கும்போதெல்லாம் லோகநாயகிக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அவளே மறுக்கமாட்டாள். ஆறு வருஷத்துக்கு முன் அந்த எரிச்சலில்தான் ஒரு திருஷ்டி பொம்மையை வாங்கி வந்து, மரத்துக்குப் பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டினாள். முறுக்கு மீசை, பிதுங்கின முழி, தொங்குகிற நாக்கு. முகத்தை மதில் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஏன் அந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது மரத்தின் உயிருக்கே ஆபத்து வந்துவிட்டது. கணவர் வல்லிநாயகம் புதுக் கார் வாங்கியிருந்தார். தெருவில் நிறுத்தினால் குரங்குகள் வைப்பரை ஒடித்துவிடுகின்றன. மரத்தை எடுத்துவிட்டு அங்கே ஷெட் போடுவதென்று முடிவு செய்து, வெல்டர் மூசாவை அடுத்த திங்கட்கிழமை காலையில் அளவெடுக்க வரச் சொல்லிவிட்டார்.

"ஒரு நோஞ்சான் மரத்துக்காவ காரைக் குரங்குக்கு நேந்து விடச் சொல்லுதியா?" என்றார்.

"என்ன சீக்குன்னே தெரியாம வெட்டுவீகளா? ஒங்களுக்குக் காமாலை வந்தா வெட்டியா போட்டுருதோம்?"

வல்லிநாயகம் கொஞ்சம் யோசித்தார். "சரி, திங்கக்கிழமைக்குள்ள காரணத்தக் கண்டுபிடி. கண்டுபிடிச்சு, அதச் சரிபண்ண முடியும்னா ஷெட்டைக் கொல்லையில போட்டுக்கிடுதேன்."

லோகநாயகி போனைத் தடவி, மண் பரிசோதிக்கிற பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தது. கண்ணாடிக் குழாய்கள், ஒரு வெள்ளைப் பொடி, சின்னக் குப்பியில் மருந்து, கலர் கலராக ஒரு அட்டை. மரத்தடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரை ஊற்றி, பொடி போட்டு, நாலு சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினாள். கலங்கல் அடங்கியதும் மேலே நீலம் நின்றது. அட்டையில் நீலத்துக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தாள்.

"ஏங்க, நம்ம மண்ணு காரமாம்ல!"

"காரமா? நீ என்ன மொளவாப் பொடியா போட்ட?"

"அந்தக் காரம் இல்லங்க. சுண்ணாம்பு இருக்குல்லா, அந்தக் காரம். மங்குஸ்தானுக்குப் புளிப்பு மண்ணுதான் வேணுமாம்."

"காரமும் புளிப்பும் சேத்தா குழம்புதான் வைக்கணும்" என்று அவர் தன் நகைச்சுவையைத் தானே ரசித்துச் சிரித்தார். அப்புறம் நியாயமாக ஒன்று சொன்னார். "இந்தத் தெரு மண்ணே அப்படின்னா மரம் எந்தக் காலத்துல தேற? மூசா வரட்டும்."

தெரு மண் எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் ஜன்னத்திடம்தான் போய் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி வீம்பைச் சுருட்டி வைத்துவிட்டு மதில் ஓரம் போனாள்.

"ஜன்னத்து, ஒரு கரண்டி மண்ணு தாயேன்."

"கரண்டி என்னக்கா, சட்டி நெறைய அள்ளிக்கோங்க." மண்ணோடு ஜன்னத்தும் வந்துவிட்டாள். இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து குழாயைக் குலுக்கினார்கள். வந்தது பழுத்த பப்பாளி நிறம். நல்ல புளிப்பு.

"ஒரே மண்ணு, ஒரே பைப்புத் தண்ணி, ஒரே ஆட்டுப்புழுக்கை" என்று ஜன்னத் விரலை மடக்கினாள். "இங்கன மட்டும் யாருக்கா காரத்தக் கொட்டுனா?"

மதில் வழியாக நீதான் சோப்புத் தண்ணியை ஊற்றுகிறாயோ என்று லோகநாயகிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. சட்டியைச் சுமந்துகொண்டு வந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று உடனே கூசியும் போனாள். ஆனால் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. மரத்துக்கு இதுதான் கடைசிக் காலை. இருந்தாலும் வாசலில் கோலம் போடாமல் இருக்க முடியுமா? மரத்தில்தான் அவள் தோற்றாளே தவிர, கோலத்தில் அவளை அடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சாரல் காலத்தில்கூட விடமாட்டாள், கூரைக்கு அடியில் போட்டுவிடுவாள். வாசலில் விற்க வருகிற வெள்ளைக்கல் மாவைப் படிக்கணக்கில் வாங்கி வைத்து, கை நிறைய அள்ளிப் போடுகிற கோலம். மறுநாள் பழைய கோலத்தைப் பெருக்கும்போது தெருவில் தள்ளமாட்டாள். நாலு பேர் மிதிப்பார்களே என்று மனசு கேட்காது. எல்லாவற்றையும் கூட்டி மரத்தடியில்தான் தள்ளுவாள்.

இன்றைக்கும் பழக்கத்தில் விளக்குமாறு மரத்தடிக்குப் போனது. பாதியில் நின்றது.

லோகநாயகி உள்ளே ஓடினாள். கோலப்பொடியில் ஒரு சிட்டிகையைக் குழாயில் போட்டு, குப்பியில் மிச்சமிருந்த மருந்தைச் சொட்டினாள். தண்ணீர் இங்க் பாட்டில் மாதிரி நீலமாகிவிட்டது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்பது வருஷம், ஒரு நாள் தவறாமல், மகாலட்சுமியை வரவேற்கிற அதே கையால் மரத்துக்குச் சுண்ணாம்பு ஊட்டியிருக்கிறாள்.

வாசலில் மூசா டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். ஜன்னத் டீ கிளாஸோடு மதில் ஓரம் நின்றாள்.

"என்ன, காரணம் சிக்கிச்சா?" என்றார் வல்லிநாயகம்.

வீடு கட்டினபோது கொட்டின சிமெண்டு மண் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று நினைத்தாள். மரமும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். ஆனால் மரத்துக்குப் பக்கத்தில் அந்த மீசைக்காரன் ஜன்னத்தின் வீட்டையே முறைத்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"நாந்தான்" என்றாள். குழாயை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். "இனிமே மாவு அங்கன போவாது. மேல்மண்ண வழிச்சு எடுத்துட்டு மக்குன இலை உரம் போட்டாத் தேறிரும்."

வல்லிநாயகம் தோளில் கிடந்த துண்டு கீழே விழும்வரை சிரித்தார். "மூசா, கொல்லையில போயி அளங்க. வீட்டுக்காரிக்குக் கைராசி இல்லன்னு நெனச்சேன், ரெண்டு கையாலயும்லா அள்ளிப் போட்டிருக்கா!"

சிரிப்பு அடங்கியதும் ஜன்னத் மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங் கண்ணு பட்டதால இல்லல்லாக்கா?"

லோகநாயகி பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமாட்டி?"

"அந்தப் பொம்மைக்கு மொகம் எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதாக்கா? ஆறு வருஷமா அடுப்படிக் கதவத் தெறந்தா அவன் மொகத்துலதான் முழிக்கேன்."

"பொறவு ஏன்டி கேக்கல?"

"மரம் தேறட்டும், நீங்களாத் திருப்புவீகன்னு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். கோபம்கூடப் படவில்லை. அதுதான் லோகநாயகிக்குத் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரத்தடிக்குப் போய்க் கட்டை அவிழ்த்தாள். பொம்மையை அரை வட்டம் திருப்பி மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் காலையில் பச்சரிசி மாவுக் கிண்ணத்தோடு அவள் வாசலில் குனிந்தபோது பிதுங்கின முழி இரண்டும் அவளையே பார்த்தன. "நல்லாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, முதல் புள்ளியை வைத்தாள்.