ஒரு கிலோ கைதட்டல்

நலியாகாவுக்குக் கைதட்டல் வாங்கத் தெரியும். கிட்டாலே நகரத்திலிருந்து தள்ளியிருந்த அந்தப் பெண்கள் விடுதிப் பள்ளியில் வேறெதுவும் அவளுக்கு லேசில் வாய்க்கவில்லை. கணக்கில் கோட்டை விடுவாள், ஓட்டப்பந்தயத்தில் கடைசி. ஆனால் வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் எழுந்து நின்றால் போதும், மற்றப் பெண்கள் உள்ளங்கைகளைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மன வகுப்பு என்று பெண்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நைரோபியில் யாரோ யோசித்து அனுப்பிய சின்னத் திட்டம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். நடத்த வந்த மொரா போன வருஷம்தான் பள்ளியை முடித்துவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்தவள். மனசு கல் இல்லை, அது வளரும், கஷ்டம் வந்தால் 'என் விதி இவ்வளவுதான்' என்று உட்கார்ந்துவிடாதீர்கள் என்பாள். யாராவது தைரியமாக ஒன்றைச் சொல்லிவிட்டால், "இவளுக்கு ஒரு கிலோ" என்பாள். எல்லாரும் கைகளைச் சூடேறத் தேய்த்து, ஒரே நேரத்தில் ஓங்கி ஒரு தட்டு. அதுதான் ஒரு கிலோ. இன்னும் நன்றாகச் சொன்னால் ரெண்டு கிலோ. பாராட்டைக்கூட நிறுத்துக் கொடுக்கிற ஊர் எங்களுடையது. கல்யாண வீட்டிலும் தேர்தல் கூட்டத்திலும் இதே கதைதான்.

நலியாகாவின் அம்மா ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அந்த டிசம்பரை நம்பித்தான் பிள்ளை காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பெற்றோர் வரும் ஞாயிறுகளில் மற்ற அம்மாக்கள் புல்தரையில் துணி விரித்துச் சப்பாத்தியும் கோழியும் எடுத்து வைக்கும்போது, இவளைப் பார்க்கச் சித்தி ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வருவாள், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவாள். சித்தி கெட்டவள் இல்லை. அம்மா இல்லை, அவ்வளவுதான். அம்மாவின் கழுத்தில் வேர்வையும் வாஸ்லினும் கலந்து ஒரு வாசனை வரும். அது மறந்துபோய்விடுமோ என்று நலியாகா உள்ளுக்குள் பயந்தாள்.

வகுப்பில் அதையெல்லாம் சொல்வாளா? "அம்மா இல்லாததால நான் கெட்டியாயிட்டேன். இப்பல்லாம் அழறதே இல்ல" என்பாள். ரெண்டு கிலோ விழும். விழுந்த சூட்டில் கொஞ்ச நேரத்துக்கு அவளுக்கே அது உண்மை போல இருக்கும்.

கடைசி வெள்ளிக்கிழமை சோடாவும், எண்ணெயில் பொரித்த மண்டாஸி ரொட்டியும் வந்தன. மண்டாஸி ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் மண்டாஸி.

"இன்னிக்கு ஆளுக்கு ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்" என்றாள் மொரா.

"நான் சமையக்காரருக்குச் சொல்றேன்" என்றாள் ஒருத்தி.

"எதுக்குடி, உப்பில்லாத அந்த மக்காச்சோளக் கிதேரிக்கா?" என்றாள் நலியாகாவின் தோழி செலகாட். பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "நீ யாருக்கு?"

"என் ஆளு ரியாத்ல இருக்கு."

"வெள்ளிக்கிழமைதானே அந்த வீட்டு மேடம் உங்கம்மா கையில போனைக் குடுப்பான்னு சொல்லுவ?"

எல்லாரும் மொராவைப் பார்த்தார்கள். மாணவிகள் கையில் போன் போகக் கூடாது என்பது பள்ளிச் சட்டம். மொரா வாசலை ஒரு பார்வை பார்த்தாள். "நான் குடுக்கல, கேட்டுக்கோங்க. நானே பிடிச்சுக்கறேன்" என்று நலியாகா சொன்ன எண்ணை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டாள். சட்டத்துக்குச் சந்து கண்டுபிடிப்பதில் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

"யாரு?"

"நான்தாம்மா."

"நலியாகா? என்னடி, உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. உனக்கு நன்றி சொல்லத்தான்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "நல்ல நேரத்துல கூப்பிட்ட. இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு மேடம் கேக்கறா. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீயே சொல்லு. உனக்கு முடியலன்னா நான் டிசம்பர்ல வந்துடறேன். மறைக்காம சொல்லு கண்ணு."

வந்துடும்மா. அது நாக்கு நுனியில்தான் இருந்தது. எத்தனை நாளாகவோ இருந்தது. ஆனால் வகுப்பே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ கையைத் தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் வாய் பழகிய வழியிலேயே போய்விட்டது.

"நான் நல்லாத்தாம்மா இருக்கேன். கஷ்டம் மனச வளக்குது. நான் ரொம்ப வளந்துட்டேன். நீ என்னைப் பத்திக் கவலைப்படாத."

மொரா சொல்வதற்கு முன்பே தட்டு விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"எனக்குக் கை தட்டறாங்கம்மா."

"சரி" என்றாள் அம்மா. "'நீ வேணும்மா'ன்னு சொல்லுவியோன்னு நினைச்சேன். நல்லது, எம் பொண்ணு தேறிட்டா. அப்ப நான் இருந்துடறேன்." தூரத்தில் யாரோ அரபியில் அதட்டினார்கள். இணைப்பு அறுந்தது.

"மூணு கிலோடி உனக்கு" என்றாள் செலகாட்.

நலியாகா மண்டாஸியைக் கடித்தாள். மீதியைக் கீழே வைத்தாள். "அக்கா, திரும்பப் போடுங்க."

மொரா போட்டாள். அந்தப் பக்கம் போனை அணைத்து வைத்திருந்தார்கள்.

"என்னம்மா சொல்லணும்?"

"வரச் சொல்லணும்."

"இப்பத்தானே நல்லாருக்கேன்னு சொன்ன?"

"அது தட்டறதுக்காகச் சொன்னது, அக்கா."

மொராவின் முகம் சுண்டிப்போனது. நிறுத்துக் கொடுத்தவள் அவள்தானே. போனை நலியாகாவின் கையிலேயே வைத்தாள். "குரல்ல பேசி அனுப்பு. போனைத் திறந்தா கேப்பாங்க."

நலியாகா அதை வாயோடு வைத்துக்கொண்டாள். "அம்மா, நான் வளரல. எனக்கு நீ வேணும். டிசம்பர்ல வந்துடு."

யாரும் தட்டவில்லை. செலகாட் சோடா பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு டிக் விழுந்தது, ரெண்டாவது வரவில்லை.

மணி அடித்தது. வெளியே மட்டாட்டு வேன் ஹாரன் அடித்து மொராவை அவசரப்படுத்தியது. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரமாட்டாள். நலியாகா கம்பி வேலி வரைக்கும் கூடவே போனாள். மொரா கேட்டைத் தாண்டி, வண்டிப் படியில் கால் வைத்து, போனை எடுத்துப் பார்த்தாள். வேலிக்குள் நின்றவளைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினாள். வண்டி நகர்ந்த பிறகும் ஜன்னலில் அவள் குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வண்டி திருப்பத்தில் மறையும்வரை நலியாகா அந்தத் தலை நிமிருமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.