பன்னிரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

ஒரு வாரமாக, வேதிவினை நடக்கும் கலனான ரியாக்டரின் பாதுகாப்பு வால்வு அடிக்கடி சீறியது. வாயு வெளியேறும் ஒரு அங்குலக் குழாய் போதவில்லை, இரண்டு அங்குலமாக மாற்றிவிடலாம் என்றார் மேலாளர். கணக்குப் போடும் வேலை தராசிடம் வந்தது. எதையும் எடைபோடாமல் நம்பாத அந்தப் பொறியாளருக்கு ஆலையில் அதுதான் பெயர்.

மணிக்கு நூறு கிலோ சுண்ணாம்புக்கல் தூளும் முந்நூற்றிருபது கிலோ அமிலக் கரைசலும் உள்ளே போயின. ஆக நானூற்றிருபது. வெளியே வந்த திரவம் முந்நூற்று எழுபத்தாறு. அப்படியானால் வெளியேறும் கரியமில வாயு நாற்பத்துநான்கு கிலோ இருக்க வேண்டும். வாயுக் குழாயின் மீட்டரோ ஐம்பத்தாறு காட்டியது.

குறைந்திருந்தால் கசிவு என்று சொல்லலாம். கூடியிருக்கிறதே! அவளுக்குப் பசி மறந்துபோனது.

“மீட்டர் பொய் சொல்லுதும்மா, விட்டுத்தள்ளு” என்றார் மேலாளர்.

“பொய்யின்னாலும் எப்பவும் அதே பன்னிரண்டையா சார் சொல்லும்?”

வாயுவைப் பையில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள். கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன். ஆக்சிஜன் துளியும் இல்லை. காற்று புகுந்திருந்தால் ஆக்சிஜனும் இருந்திருக்கும். ஆகவே இது ஆலையின் நைட்ரஜன் குழாயிலிருந்துதான் வருகிறது. அந்தக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே படியேறினாள். அது ரியாக்டரின் தலையில், திரவ மட்டம் காட்டும் மெல்லிய குழலில் போய் முடிந்தது. அதன் வால்வு முழுசாகத் திறந்திருந்தது.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவளுடைய நாத்தனார்.

“போன வாரம் நான்தான் திறந்தேன் அண்ணி” என்றாள் அவள், ஒளிக்காமல். “குமிழி விட்டுத்தான் அது மட்டத்தைக் காட்டும். லேசா விட்டா தூள் அடைச்சிக்குது. வாரத்துக்கு மூணு தடவை கழட்டி மாட்டிக்கிட்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அண்ணன்கிட்ட மாட்டிவிடப் போறீங்களா?”

“உங்க அண்ணனுக்கு வால்வுக்கும் விளக்கெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியுமா? அதை விடு. எவ்வளவு குறைச்சா அடைக்காதுன்னு பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. இருவருமே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த பத்து நாளும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பார்த்தார்கள். கால்வாசித் திறப்பில் இரண்டாம் நாளே அடைத்தது. பாதித் திறப்பில் அடைக்கவே இல்லை. மீட்டர் ஐம்பதில் நின்றது. ஆறு கிலோ தேவைதான்.

எடையில் ஆறு அற்பம். ஆனால் நைட்ரஜன் கரியமில வாயுவைவிட இலேசானது, இடத்தை அதிகம் அடைக்கும். அதைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டதில் ஒரு அங்குலம் திணறியது. இரண்டு அங்குலம் வீண். ஒன்றரை போதும்.

குழாய் மாற்றிய பிறகு பாதுகாப்பு வால்வு சீறவில்லை. பொருள் கணக்குத் தாளில் புதிதாக ஒரு வரி ஏறியது: மட்டக்குழல் நைட்ரஜன், ஆறு கிலோ. அதைப் படித்த நாத்தனார் நிமிர்ந்தாள்.

“பக்கத்து ரியாக்டர்லயும் இதே குழல்தான் அண்ணி. அங்க எவ்வளவு?”

தராசு ஏற்கெனவே படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.