ஓட்ரி வெட்டு

அக்காவின் வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் போனதிலிருந்து, சனிக்கிழமைகளில் நான்தான் றிச்மண்ட் ஹில்லிலிருந்து காரோடி வந்து அஜின்கோர்ட்டில் அவளுக்குத் தலை முழுகவார்த்தேன். முழங்கால் வரை விழும் முடி. அதைக் கழுவி, சிக்கெடுத்து, பின்னி முடிக்க எனக்கு முதுகு விட்டுப்போகும். எனக்கென்ன இருபது வயதா? உந்த முடியை வெட்டி எறியுங்கோ என்று நான் கத்தாத சனிக்கிழமை இல்லை.

வேரோனிக்கா அக்காவின் முடியைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆட்கள் இல்லை. அவளுக்கோ அதை ஒருநாளும் பிடித்ததில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் ஓட்ரி ஹெப்பேர்ன் நடித்த பழைய படத்தைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அந்தக் கட்டை முடி, நீளக் கழுத்து, நிமிர்ந்த நடை! அதற்குப் பிறகு அக்கா கூனி நடந்து நான் காணவில்லை. பூப்போட்ட உடுப்பைத் தொடமாட்டாள். நாடு விட்டு இங்கே வந்தபிறகு, மிசிசாகாவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் வேலைக்கும் கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டையோடு, பெரிய கொண்டையை வலைத்தொப்பிக்குள் அமுக்கிக்கொண்டு நடிகை மாதிரித்தான் போய்வந்தாள். கிளடிஸ், உன்ர கொக்காவுக்கு வெள்ளைக்காரி எண்ட நினைப்பு என்று சனம் என்னிடமே சொல்லிச் சிரித்தது. சிரிக்கட்டும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த நாளில் முடியை மட்டும் அம்மா வெட்ட விடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த டெனிஸ்டன், அம்மாவைத் தான் சமாளிப்பதாகவும் கொழும்புக்குக் கூட்டிப்போய் வெட்டுவிப்பதாகவும் அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்தான். தொண்ணூறாம் ஆண்டு, கொழும்புக்குத் தனியாகப் போன அவனை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பஸ் போய்ச் சேர்ந்தது. அவன் சேரவில்லை. அக்கா மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தாள்: தம்பி திரும்பி வரும்வரை முடியில் கத்தரி படாது. நேர்த்தி வைக்கிற ஆட்கள் ஒரு தவணை சொல்லி வைப்பார்கள். இந்த விசரி தவணையே சொல்லவில்லை.

போன மாதம் பாதரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நேர்த்தியை விடுவிக்கலாம், மாதா கோபிக்கமாட்டா என்று அவர் தன்மையாகச் சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். காருக்குள் ஏறியபிறகுதான் வாய் திறந்தாள்.

"வெட்டினா, அவன் வரமாட்டானெண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ, கிளடிஸ்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் வரமாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அவளிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்குந்தான்.

அடுத்த சனிக்கிழமை சிக்கெடுக்கும்போது எனக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. மூச்சு விட முடியாமல் குளியல்தொட்டியின் விளிம்பில் குந்திவிட்டேன். அக்கா ஈரத்தலையோடு என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு குனிந்து, இடது கையால் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"வா, போவம்" என்றாள்.

சலூனில் ஷாமிலா என்று ஒரு பெட்டை, இங்கே பிறந்தவள். முடியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "ஷுவரா அன்ரி?" என்று இரண்டு தரம் கேட்டாள். எப்படி வெட்டவேண்டும் என்றதற்கு அக்கா ஓட்ரியின் பெயரைச் சொன்னாள். பெட்டையின் முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய அறைச் சுவரில் அவளுடைய போஸ்டர்தான் இருக்கிறதாம். நான் தெரியாதவள் போல ஃபோனை நோண்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கத்தரி ஓடியது.

"இப்ப பாருங்கோ, அன்ரி."

அக்கா கண்ணைத் திறந்தாள். நானும் நிமிர்ந்தேன். கண்ணாடியில் இருந்தது ஓட்ரி இல்லை. முடி போனதும் வெளியே வந்த அந்தக் காதுகள், அந்த நாடி, அந்த நெற்றி. அது டெனிஸ்டன். நரைத்து, கன்னம் ஒட்டி, நாங்கள் ஒருநாளும் கண்டிராத கிழட்டு டெனிஸ்டன்.

வடிவில்லையா என்று ஷாமிலா பயந்து கேட்டாள். அக்கா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு முன்னே சரிந்து, கண்ணாடிக்குக் கிட்டப் போனாள்.

"சாப்பிட்டியோடா?" என்று கேட்டாள்.

ஷாமிலா தும்புத்தடியைப் பிடித்தபடி, நிலத்தில் கிடந்த முடியைக் கூட்டாமல் நின்றாள்.