ஆளில்லாத படங்கள்

என் படங்களில் ஆள் இருக்கக் கூடாது. மருந்துக் கடையில் நாள் முழுக்க மனுஷ முகங்களைப் பார்த்துச் சலித்தவன் நான். வருஷத்தில் பத்து நாள் ஊர் ஊராகப் போய்ச் சிலைகளைப் படம் எடுப்பேன். சிலை இருமாது. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்று தரம் கேட்காது.

மனைவியும் கூட வருவாள். வெளிச்சம் பார்க்க அவளைச் சிலையருகே நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். அளவு சரியானதும் "தள்ளிக்கோ" என்பேன். அவள் விலகிய பிறகுதான் நிஜப் படம். முதலில் எடுத்ததை உடனே அழித்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாக இதே வழக்கம்.

அன்று காலை ஆற்றங்கரைப் பூங்காவில் அப்படியொரு பனி. மரங்கள் இருந்த இடத்தில் மரங்களின் நினைப்புதான் இருந்தது. நடுவில் ஒரு வெண்கலக் குதிரை, யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி முதுகு காலியாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு வெளிச்சம் வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தால் பெரிசு. வழக்கம்போல அவளைக் குதிரையருகே நிறுத்தி அளவு பார்த்தேன்.

"ஏங்க, சீக்கிரம் எடுங்க. கண்ணு வேற மங்கலாத் தெரியுது," என்றாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"வெளிச்சம் போயிடும், பேசாத. தள்ளிக்கோ. இன்னும் தள்ளு."

போனாள். நான் கேமராவில் கண்ணை வைத்தேன். பனி குதிரையின் கழுத்தைச் சுற்றி வந்தது, விலகியது, மறுபடி வந்தது. குதிரை ஓரடி எடுத்து வைத்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். எவ்வளவு நேரம் போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பது படம் எடுத்த பிறகுதான் நிமிர்ந்து கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். ஆறு ஓடும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. அந்தக் கரையில் தடுப்பு எதுவும் கிடையாது. பனிக்குள் ஓடினேன். தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு விளக்குத் தூணும் அவளாக இருந்தது, கிட்டே போனதும் தூணாகிவிட்டது.

என் கத்தலைக் கேட்டுப் பூங்காக் காவலாளி வந்தார். "பதறாதீங்க சார். அம்மா போட்டோ ஒண்ணு அனுப்புங்க. நாலு கேட்டுக்கும் போட்டுடறேன். பார்த்தா நிறுத்தி வைப்பாங்க."

கேமராவில் முந்நூறு சிலை இருந்தது. அவள் இல்லை. என் போனிலும் சிலைகள்தான். அவளுடைய போன் என் பையிலேயே கிடந்தது. அதைத் திறந்தேன். முழுக்க நான். குனிந்த நான், மண்டியிட்ட நான், ஏதோ ஒரு சிலையின் காலடியில் மல்லாந்து கிடக்கும் நான். அவள் படம் கேட்கலாமென்று மகளுக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை.

"சரி, என்ன கலர் டிரெஸ்?" என்றார் காவலாளி.

எனக்குத் தெரியவில்லை.

"உயரமாவது சொல்லுங்க சார்."

"குதிரையோட முன்னங்கால் முட்டி வரைக்கும் வருவா. பீடத்தோட சேர்த்து."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வழக்கமாக எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அன்று வரவில்லை. இந்தப் பாவிக்கு இதுவும் வேணும் என்றுதான் தோன்றியது. ஐம்பத்தெட்டு வயதில், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்று அழுதேன். அவரும் வேறு வழியில்லாமல் நான் சொன்னதையே போனில் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்து வடக்கு கேட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச?" என்றேன். வாய்ப் பழக்கம்.

"அகல லென்ஸ்தானே மாட்டியிருந்தீங்க? அதுல பக்கத்துல இருக்கறதெல்லாம் வந்துடும், பூங்கா வடக்கு வேலி வரைக்கும் போனாத்தான் சரியா வரும். திரும்புறப்ப வழி தெரியல." ஸ்வெட்டர் நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "உங்க படத்துல விழாம எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியாதா?"